மரணச் சுற்றில் விழாத குழிகள்

ஒரு குழிக்க அகலத்தை அளக்கணும்னு சொன்னா நீங்க சிரிப்பீங்க. இதென்ன பெரிய காரியம், ஸ்கேலை வச்சா தீந்துதேன்னு. நானும் அப்பிடித்தான் நெனச்சேன். அஞ்சு வருஷமா அந்தக் குழியிலயே கெடந்து உருண்ட பெறகு சொல்லுதேன், ஒரு குழி எங்க தொடங்கி எங்க முடியுதுன்னு சொல்லுதது சாமானியப்பட்ட சோலி இல்ல. அளக்குத ஆளுக்க மனசில என்ன கெடக்குன்னும் சேத்துத் தெரியணும். நான் சொல்ல வந்தது அப்பிடிப்பட்ட ஒரு ஆளப் பத்தியாக்கும். பேரு விஜயதாஸ். அண்ணன்னு கூப்பிடுவேன், கூடப்பிறந்தவரு இல்ல. கூடப்பிறந்திருந்தா என்னைக்கோ கழுத்தைத் திருகியிருப்பேன்.

நான் டீனா, பூவார்க்காரி. அப்பன் நிக்கோலஸ் கடலுக்குப் போறவரு, அம்மா அல்போன்சம்மா கரையில மீன் விக்கியவ. எங்க வீட்டில பேச்சு காத்தை மீறிக் கேக்கணும், அதனால எனக்குச் சத்தம் கூடுதல். கோவமும் கூடுதல்தான், அதுக்குக் காத்தைக் குத்தம் சொல்ல முடியாது.

பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் நடுவில ஒரு இஞ்சினியரிங் காலேஜ் உண்டு. பேரு சொல்ல மாட்டேன், சொன்னா எனக்க சர்ட்டிபிக்கேட்டு வீடு வந்து சேராது. காலேஜுக்குப் பின்னால, ரப்பர் தோட்டம் தொடங்குத இடத்தில ஒரு நீள ஷெட்டு. உள்ள ஒரு துப்பாக்கி. தோளில வைக்குதது இல்ல, ஷெட்டுக்க இந்தக் கோடியில இருந்து அந்தக் கோடி வரைக்கும் நீட்டிக் கெடக்குத இரும்புக் குழாய். ஹைட்ரஜன் வாயுவை நெருக்கி நெருக்கி, சிறுபயறு அளவுள்ள ஒரு அலுமினிய உருண்டைய அது துப்பும். செகண்டுக்கு அஞ்சு கிலோமீட்டர் வேகம். இங்க இருந்து விட்டா ரெண்டே செகண்டில எங்க அம்மாவுக்க மீன் சட்டியில போய் விழும். வானத்தில சுத்துத சாட்டிலைட்டு மேல உடைஞ்ச துண்டுங்க இப்பிடித்தான் வந்து அடிக்கும். எந்த வேகத்தில அடிச்சா எத்தன பெரிய குழி விழும்னு முன்னயே தெரிஞ்சா, தகட்டை எத்தன கனத்துக்குச் செய்யலாம்னு சொல்லிரலாம். அதுதான் எனக்க ஆராய்ச்சி. கல்யாண வீட்டில யாராவது கேட்டா, "குழி அளக்குதேன்"னு சொல்லுவேன். "பஞ்சாயத்திலயா மோளே?"ன்னு கேப்பாவ.

அடி வாங்கின தகட்டைக் கையில எடுத்துப் பாத்தா சட்டைப் பொத்தான் அளவுக்கு ஒரு குழி. அடிப்பக்கம் நல்லா உருண்டு வழுவழுன்னு இருக்கும். விளிம்பு உண்டே, அதுதான் சனியன். அலுமினியம் ஓரத்துக்கு ஏறி, வெளிய மடங்கி, ஆப்பத்துக்க ஓரம் மாதிரி கிழிஞ்சு நிக்கும். அந்த ஓரத்துக்க உச்சியில இருந்து உச்சி வரைக்கும் அளந்தா ஒரு கணக்கு. அடி விழதுக்கு முன்ன தகடு எந்த மட்டத்தில இருந்துதோ அந்த மட்டத்தில அளந்தா வேற கணக்கு, பத்தில ஒரு பங்கு போலக் குறையும். ரெண்டாவதுதான் சரி. ஆனா குழிக்குப் பக்கத்தில தகடே கொஞ்சம் பொங்கி நிக்கும், அதனால மட்டத்தைத் தள்ளிப் போய் எடுக்கணும். மைக்ராஸ்கோப்பை அந்த மட்டத்தில நிறுத்தி, பல திசையில குறுக்க அளந்து, சராசரி எடுக்கணும். அப்பவும் சுவரு பிசிறு பிசிறாத்தான் நிக்கும். லென்சுக்குள்ள தெரியுத கோட்டை இந்தப் பிசிறில வைக்கதா, அந்தப் பிசிறில வைக்கதான்னு ஒரு மனுஷன் தீர்மானிச்சே ஆகணும். எங்க லேபில அந்த மனுஷன் விஜயதாஸண்ணன்.

அவருக்குச் செங்கல்ங்குத ஊரு பக்கம் வீடு. பழைய மிஷன் சபைக்காரரு. ஐ.டி.ஐ.யில படம் வரையப் படிச்சுட்டு, பாறசாலையில ஒரு பேக்கரிக்கு மேல ரூம் எடுத்து வீட்டு பிளான் வரைஞ்சுட்டு இருந்தாரு. எங்க நாட்டில வீட்டு பிளான்னா வெறும் படம் இல்ல, கேட்டியளா. வீட்டுக்க சுத்தளவை ஒரு கணக்குப் போட்டு வகுத்தா வீட்டுக்க வயசு கிட்டும். பால்யம், கௌமாரம், யௌவனம், வார்த்தக்கியம்னா கெழட்டு வயசு, அஞ்சாவது மரணம். மரணச் சுத்தில வீடும் கட்ட மாட்டாவ, கிணறும் வெட்ட மாட்டாவ. கோயிலுக்குப் போறவன் மட்டும் இல்ல, வேதப்புஸ்தகமும் கையுமா நடக்குதவனும் அப்பிடித்தான். சுத்தில ரெண்டு விரல் கூட்டணுமா குறைக்கணுமான்னு பாத்துச் சொல்லுததில விஜயதாஸண்ணன் பெரிய கில்லாடி.

ஒரு ஞாயிற்றுக்கெழமை அவங்க சபை போதகர், நாளு பாக்குததும் சுத்தளவு பாக்குததும் பாவம்னு தொண்டை கட்டப் பிரசங்கம் பண்ணினாரு. விஜயதாஸண்ணன் முன் பெஞ்சில இருந்து தலையை ஆட்டிக் கேட்டாரு. திங்கக்கெழமை சாயங்காலம் பேக்கரி மாடிப்படியில குடை ஒண்ணு ஏறி வருது. குடைக்கு அடியில போதகர். அவருக்க வீட்டுக்கு ஒரு ரூம் கூட்டிக் கட்டணுமாம். "எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது விஜயதாஸே. கமிட்டிக்காரங்க நாளைக்கு ஒண்ணும் பேசப்பிடாது பாரு, அதுக்காக." அண்ணன் முகத்தை நேர வச்சுக்கிட்டு, "பால்யம் போதுமா, யௌவனம் வேணுமா?"ன்னு கேட்டாரு. போதகர் வாசலை ஒரு தடவை எட்டிப் பாத்துட்டு, "யௌவனமே கெடக்கட்டு"ன்னாரு.

பின்ன கம்ப்யூட்டரில பிளான் போடுத பிள்ளைங்க வந்தாவ, பேக்கரி மாடி காலியாச்சு. அண்ணன் வீடு வரைஞ்சு குடுத்த ஆளுங்களில ஒருத்தர் ஈசாக் சார், எங்க டிப்பார்ட்மெண்டு தலைவர். அவருதான் அண்ணனை லேபுக்குக் கூட்டிட்டு வந்தாரு. நான் ஆராய்ச்சிக்குச் சேந்தப்ப அண்ணன் அங்க பழகி உறச்சுப்போன ஆளு. கண்ணு கூர்மை, கை நடுங்காது. உருண்டை சுடுதது என் சோலி, குழியை அளக்குதது அவரு சோலி. தகட்டில யாரு சுட்டாவளோ அவங்க பேரைச் சிவப்பு மையில எழுதி வைக்கது லேபு வழக்கம். எனக்க தகடு எல்லாத்திலயும் 'டீனா நிக்கோலஸ்'னு இருக்கும். வாரத்துக்கு ஒரு தடவ அப்பன் அவருக்கு மீன் குடுத்து விடுவாரு. அண்ணனும் வெக்கமில்லாம, "நெய்மீன் கிட்டலியா?"ன்னு கேப்பாரு.

அஞ்சாம் வருஷம் தொடங்கின சமயம், எல்லா அளவையும் சேத்து ஒரு படம் போட்டேன். அடியில வேகம், பக்கத்தில குழிக்க அகலம். வேகம் கூடக் கூட அகலமும் மெள்ள மெள்ளக் கூடி, ஒரு கோடு மாதிரி ஏறணும். எனக்கு ஏறல. பத்து புள்ளி ஏழு மில்லிமீட்டர் வரைக்கும் ஒழுங்கா வந்துட்டு, அங்கயே கொஞ்ச நேரம் கூட்டம் கூடி நிக்குது. பெறகு ஒரே தாவு, நேர பதினொண்ணு புள்ளி ஒம்பது. நடுவில ஒரு ஈ காக்கா கிடையாது.

ஈசாக் சார் அதைப் பாத்துட்டு நாற்காலியில இருந்து எழுந்துட்டாரு. அந்த வேகத்தில அலுமினியத்துக்க குணமே மாறுதுன்னாரு. உலகத்தில எவனும் இதைப் பாத்ததில்லன்னாரு. அதுக்கு 'டீனா–ஈசாக் தாவல்'னு பேரும் வச்சாரு. அடுத்த வாரம் பாத்தா 'ஈசாக்–டீனா தாவல்'. அதுக்கு அடுத்த வாரம் எனக்க பேரு அடைப்புக்குள்ள போயிருச்சு. எனக்கு அதில சங்கடம் ஒண்ணும் இல்ல. எனக்க உதவித்தொகை அந்த வருஷத்தோட முடியுது. கடைசி செமினாரில வெளியூர் பரிசோதகர் வந்து கையெழுத்துப் போட்டா எனக்கு டாக்டர் பட்டம். போடலைன்னா மறுபடியும் எல்லாத்தையும் சுட்டு அளக்க ரெண்டு வருஷம், அதுக்கு வீட்டில வழி கெடையாது. தாவலோ தவளையோ, எனக்குக் கையெழுத்து வந்தாப் போதும்னு இருந்தேன். ஈசாக் சார் தாவலைப் பத்தி ஒரு குறிப்பும் எழுதி, சென்னையில இருக்குத அந்தப் பரிசோதகருக்கு அனுப்பியாச்சு.

குழப்பத்தைக் கொண்டுவந்தது வினீத். எனக்கு ஜூனியர், அதே துப்பாக்கியில அதே உருண்டைய வேற காரியத்துக்காகச் சுடுதவன், அவனுக்கும் குழி அளக்குதது அண்ணன்தான். அவனுக்க படத்தைக் கொண்டுவந்து, "சேச்சி, எனக்குத் தாவவே இல்லையே"ன்னான். அவனுக்குப் பதினொண்ணும் உண்டு, பதினொண்ணு புள்ளி நாலும் உண்டு, வரிசையா கோடு மாதிரி ஏறுது. ஈசாக் சார்ட்ட கேட்டா, "எலே, நீ ஒழுங்கா சுட்டிருக்க மாட்ட"ன்னு அவனை விரட்டிட்டாரு. எனக்கு மனசு அடங்கல. எனக்க தகடு ஒண்ணை எடுத்தேன். அண்ணன் குறிச்சது பதினொண்ணு புள்ளி ஒம்பது. நான் ஆற அமர இருந்து அளந்தேன். பதினொண்ணு புள்ளி ரெண்டு. இன்னொண்ணு எடுத்தேன். அண்ணனுக்குப் பத்து புள்ளி ஏழு, எனக்குப் பதினொண்ணு. எனக்கு உச்சி முதல் உள்ளங்கால் வரைக்கும் எரிஞ்சுது.

அண்ணன் அப்ப வராந்தாவில இருந்து மரச்சீனிக் கிழங்கும் மீன்கறியும் தின்னுட்டு இருந்தாரு. எங்க அப்பன் குடுத்த மீன். நான் தகட்டை அவருக்க சோத்துப் பாத்திரத்துக்குப் பக்கத்தில டங்குனு வச்சேன்.

"இதென்ன அளவு?"

அவரு விரலை நக்கிட்டுத் தகட்டைப் பாத்தாரு. ஒளிக்கவும் இல்ல, பதறவும் இல்ல. "நீ அளந்து பாத்துட்டியா?"ன்னாரு.

"பாத்தேன். வினீத்துக்கு ஒழுங்கா அளக்கத் தெரியுதுல்லா? எனக்கு மட்டும் என்ன கேடு?"

"கேடு வரப்பிடாதுன்னு தான் மக்கா." அவரு கையை வேட்டியில துடச்சுக்கிட்டாரு. "மில்லிமீட்டரை விரலா வச்சுச் சுத்தளவு கூட்டிப் பாரு. பத்து புள்ளி ஏழு தாண்டினா மரணம் தொடங்கும். பதினொண்ணு புள்ளி எட்டுக்கு மேலதான் மறுபடி பால்யம். நடுவில விழுததைக் கொஞ்சம் தள்ளி விட்டேன். உள்பக்கத்துப் பிசிறில கோட்டை வச்சா வார்த்தக்கியம், வெளிப்பக்கம் வச்சா பால்யம். பிசிறு எல்லாம் உள்ளதுதானே, நானா உண்டாக்கினேன்?"

நானும் ஈசாக் சாரும் மண்டைய உடச்சுக்கிட்டு இருந்த அலுமினியத்துக்க குணமாற்றம், செங்கலில இருக்குத ஒரு ஆளுக்க வீட்டுக் கணக்கு. "பின்ன வினீத்துக்கு மட்டும் மரணத்தை எழுதிக் குடுத்தீரே?"ன்னு கத்தினேன்.

"வினீத்துக்கு என்ன? அவனுக்க அப்பன் ரேஷன் கடையில இருக்காரு. ரேஷன் கடைக்கு அலையடிக்குமா?" அண்ணன் சிரிக்காமச் சொன்னாரு. "உனக்க தகட்டில உனக்க பேரு மட்டும் இல்ல மோளே. அப்பனுக்க பேரும் உண்டு."

அப்பதான் அந்தக் கதையைச் சொன்னாரு. ஒக்கிப் புயல் அடிச்ச வருஷத்துக்கு முன்ன பொழியூர் பக்கம் ஒரு கடல்காரருக்கு வீடு வரைஞ்சு குடுத்தாரு. சுத்து நல்ல யௌவனம். கட்டும்போ ரோட்டுக்கு இடம் விடணும்னு கொத்தன் முன்பக்கத்தில கொஞ்சம் குறைச்சுட்டான், அண்ணன்ட்ட கேக்கல. குடிபோன அன்னைக்கு அண்ணன் போய்ச் சும்மா டேப்பை வச்சுப் பாத்தாரு. மரணத்தில வந்து நிக்குது. பாயசம் கையில வச்சுக்கிட்டு நிக்குத வீட்டுக்காரன்ட்ட எப்பிடிச் சொல்லுதது? சொல்லல. அந்தப் புயல் காத்தில கடலுக்குப் போன ஆளு வரவே இல்ல. "கணக்கு உண்மையா பொய்யான்னு எனக்கு இன்னைக்கும் தெரியாது டீனா. ஆனா நான் சொல்லியிருந்தா அந்தச் சுவரை இடிச்சிருப்பான்"னாரு. எனக்கு அவரு மேல கோவமும் உண்டு, அந்த நேரம் பாவமும் தோணிச்சு. ரெண்டும் சேந்து வந்தா நான் அதிகமாத்தான் கத்துவேன், கத்தினேன். எனக்க பட்டத்தில மண்ணு அள்ளிப் போட்டுட்டீரேன்னேன். அவரு பாத்திரத்தைக் கழுவப் போனாரு.

எல்லாத்தையும் நானே மறுபடி அளக்குதேன்னு வீறாப்பாத் தொடங்கினேன். படிச்சவ, சயன்ஸுக்காரி, எனக்கென்ன பயம். மறுநாள் காலம்பற போனில கலெக்டர் ஆபீசு மெசேஜ், கடலில காத்து பலமா இருக்கும்னு. அப்பன் வெளுக்கதுக்கு முன்னயே போயிருந்தாரு. எடுத்த முதல் தகடு பதினொண்ணு புள்ளி அஞ்சு. சரியா ஒரு தடவ பாத்துக்கலாம்னு திருகை மெள்ளத் திருப்பினேன். பதினொண்ணு புள்ளி ஆறு. இன்னும் கொஞ்சம் வெளிய ஒரு பிசிறு தெரிஞ்சுது, அதுவும் நல்ல பிசிறாத்தான் தோணிச்சு. பதினொண்ணு புள்ளி எட்டு. அப்பதான் எனக்க கையைப் பாத்தேன். எனக்கு நாணக்கேடாப் போச்சு. விளக்கை அணச்சுட்டு நேர ஈசாக் சார் ரூமுக்கு நடந்தேன்.

சார் முதலில துக்கம் கொண்டாடினாரு. தாவல் போச்சே, அதுக்காக அவரு மெனக்கெட்டு உண்டாக்கின படமெல்லாம் போச்சே. பெறகு கோவம் வந்துது. விஜயதாஸண்ணனைக் கூப்பிட்டு, இது மூடநம்பிக்கை, இது நாட்டைக் கெடுக்குது, சபைக்கு வாற மனுஷனுக்கு வெக்கம் வேண்டாமான்னு ஒரு மூச்சுத் திட்டினாரு. அண்ணன் தலையைக் குனிஞ்சே நின்னுட்டு, "சாருக்க வீடு யௌவனம்தான் சார்"னாரு.

"அது வேற. அது கெட்டிடம்"னாரு சார். எனக்குச் சிரிப்பு வந்துது, இருமலாக்கி விட்டேன்.

வீம்பு கேறிப்போச்சு சாருக்கு. "எல்லாத் தகட்டிலயும் இவளுக்க பேரை அழிச்சுட்டு எனக்க பேரை எழுது. எனக்கு ஒரு மண்ணும் வராது. எழுதி அள, நான் பாக்குதேன்." அப்பிடியே ஸ்பிரிட்டு போட்டுத் தேச்சு, 'ஈசாக்'னு சிவப்பில எழுதினோம். நீங்க நம்ப மாட்டீங்க, அன்னைக்கு அளவு ஓடின ஓட்டம். அண்ணன் அளக்குதாரு, நான் சரி பாக்குதேன், ஒரு பிசிறிலயும் ரெண்டு பேருக்கும் தகராறு இல்ல. பதினொண்ணு, பதினொண்ணு புள்ளி மூணு, பதினொண்ணு புள்ளி அஞ்சு. கோட்டை எங்க வைக்கணுமோ அங்க சுகமா வைக்கியோம், மனசு ஒரு மயிரிழை அசையல.

சாயங்காலம் சார் சும்மா வாற மாதிரி எட்டிப் பாத்தாரு. "எத்தன ஆச்சு?"

"பகுதி முடிஞ்சுது சார்"னு சொன்னேன்.

"அதில எத்தன…" சார் கண்ணாடியைத் துடச்சாரு. "அதில எத்தன விழுந்து, அந்த இதில?"

"மரணத்திலயா சார்? பாதிக்கும் மேல உண்டு"ன்னாரு அண்ணன், ரொம்ப மரியாதையா.

சார் கண்ணாடியை மாட்டிக்கிட்டுப் போனாரு. மறுநாள் காலம்பற சார் காலேஜ் நர்ஸ்ட்ட பிரஷர் பாத்துட்டு நேர லேபுக்கு வந்தாரு. உலகத்தில உள்ள நல்ல லேபு எல்லாத்திலயும் தகட்டில ஆளுக்க பேரு போட மாட்டாவ, நம்பர் மட்டும்தான் போடுவாவ, அளக்குதவனுக்கு யாருக்க தகடுன்னு தெரியப்பிடாது, அதுதான் முறைன்னு ஒரு கிளாஸ் எடுத்தாரு. சொன்னது அத்தனையும் சரி. எனக்க அஞ்சு வருஷப் படிப்பில அந்தக் காரியம் தோணாததுதான் கேவலம். சார் கிளாஸ் முடிச்சுட்டு, ஸ்பிரிட்டு குப்பியை எடுத்துத் தானே தேச்சு அழிச்சாரு. நான் குடுங்க சார்னேன், குடுக்கல. நம்பர் போட்டு, தகட்டைக் கலச்சு வச்சு, எல்லாத்தையும் முதலில இருந்து அளந்தோம். தாவல் போயே போச்சு. புள்ளி எல்லாம் நல்ல பிள்ளையா ஒரு கோட்டில ஏறிச்சு.

செமினாருக்குச் சென்னைக்காரரு வந்தாரு. ஒல்லி மனுஷன், ஒரு தடவ கூடச் சிரிக்கல. கடைசி வரிசையில அம்மா, மடியில அச்சப்பப் பலகாரத்து டப்பாவை வச்சுட்டு இருந்தா. அப்பனும் வாறேன்னு சொல்லியிருந்தாரு. ஆனா ரெண்டு நாளா நல்ல மீன் பாடு, ஆளு காலம்பறயே கடலுக்குப் போயாச்சு. நான் பேசி முடிச்சதும் பரிசோதகர் கையில இருந்த பேப்பரைத் தட்டினாரு. "மூணு மாசத்துக்கு முன்னால தாவல் இருக்குன்னு எழுதி அனுப்பினீங்க. இப்ப இல்லேங்கிறீங்க. எதை நம்பறது?"

ஈசாக் சார் கூரையைப் பாத்தாரு. நான் உள்ளதைச் சொன்னேன். முதல் தடவ அளந்தவருக்கு எனக்க மேல உள்ள கரிசனம் அளவில ஏறிப்போச்சு, ரெண்டாவது பேரு தெரியாம அளந்தோம்னு. பரிசோதகர் பேனாவை மூடினாரு. "அதே ஆள் இருக்காரா? என் முன்னால ஒரு தகட்டை அளக்கட்டும். உங்க புது அளவோட ஒத்துப்போனா கையெழுத்துப் போடறேன். இல்லேன்னா எல்லாத்தையும் மறுபடி சுடுங்க."

எல்லாரும் லேபுக்கு நடந்தோம். அம்மாவும் டப்பாவைத் தூக்கிட்டுக் கூட வந்தா. பரிசோதகர் பெட்டியில கையை விட்டு ஒரு தகட்டை எடுத்து அண்ணன்ட்ட குடுத்தாரு. நம்பரைப் பாத்ததும் எனக்கு அதுக்க அளவு ஞாபகம் வந்துது. பதினொண்ணு புள்ளி ரெண்டு. நட்ட நடு மரணம். போதாததுக்கு அந்தத் தகட்டை யாரும் நல்லாத் தேக்கல. ஓரத்தில சிவப்பு மை லேசாத் தெரியுது, 'நிக்கோ'ங்குதது வரைக்கும்.

அண்ணன் அதைப் பாத்தாரு. நான் பாத்தேங்குததையும் பாத்தாரு. தகட்டை மைக்ராஸ்கோப்புக்கு அடியில வச்சு, தள்ளிப் போய் மட்டம் எடுத்தாரு, திரும்பக் குழிக்கு வந்தாரு. ஒவ்வொரு திசையா அளந்தாரு. அளந்த திசையையே மறுபடியும் அளந்தாரு. கடைசியில கண்ணை எடுக்காமலே, எங்க பேச்சில கேட்டாரு: "அப்பன் இன்னைக்குக் கரையில உண்டா மோளே?"

அம்மா வாயைத் திறந்தா. நான் திரும்பி ஒரு முறை முறைச்சேன். அம்மா ஒரு அச்சப்பத்தை எடுத்துத் தனக்க வாயில போட்டுக்கிட்டா.

"உண்டு அண்ணா, வீட்டில தூங்குதாரு"ன்னேன்.

அண்ணன் நிமிந்து என்னைப் பாத்தாரு. பெறகு பரிசோதகர்ட்ட திரும்பி, "பதினொண்ணு புள்ளி ரெண்டு சார்"னாரு.

பரிசோதகர் தன் பேப்பரில இருந்த அளவைப் பாத்துட்டுப் பேனாவைத் திறந்தாரு. கையெழுத்துப் போட்டாரு, கையும் குடுத்தாரு. ஈசாக் சார் பாயசத்துக்குச் சொல்லியிருந்தாரு. ரெண்டு வாய் குடிச்சுட்டு, அம்மாவை வினீத்துக்க பைக்கில வரச் சொல்லிட்டு, ஸ்கூட்டரை எடுத்தேன். பூவார் வரைக்கும் என்னையே நான் திட்டிக்கிட்டே போனேன். டாக்டராம் டாக்டர். மில்லிமீட்டரும் விரலும் ஒண்ணான்னு கேட்டா ரெண்டு மணிக்கூறு வாதாடுவேன். ஆனா அப்பனுக்க பேரில ஒரு எண்ணைச் சொல்ல வச்சுட்டு வந்திருக்கேன், அதுவும் பொய் சொல்லி.

கரைக்குப் போய்ப் பாத்தா, எங்க வள்ளம் கேறுத இடத்தில, கமுத்திப் போட்ட ஒரு கட்டுமரத்து மேல, இஸ்திரி போட்ட சட்டையும் லேபு அடையாளச் சீட்டுமா ஒரு ஆளு இருக்காரு. விஜயதாஸண்ணன். எனக்கு முன்னால பஸ் ஏறி வந்திருக்காரு.

"நீங்க இங்க எங்க?"ன்னேன்.

"கடலில மீன் இப்பிடிக் கெடக்கும்போ நிக்கோலஸ் வீட்டில படுத்துத் தூங்குவாரா?" அவரு கடலை விட்டுக் கண்ணை எடுக்கல. "நீ பொய் சொல்லுததும் எனக்குத் தெரியும். இரு."

தெரிஞ்சே அந்த அளவைச் சொல்லியிருக்காரு. எனக்குக் கண்ணு நிறைஞ்சு போச்சு, அவருக்குத் தெரியப்பிடாதுன்னு மணலைப் பாத்துட்டுப் பக்கத்தில இருந்தேன். ஒவ்வொரு வள்ளமா வந்துது. ஒண்ணும் எங்களுக்க இல்ல. எனக்க ஆயுசில அத்தன நேரம் நான் வாயை மூடி இருந்தது அன்னைக்குத்தான்.

வெயில் சாயுத நேரத்தில நீல வள்ளம் அலைமேல ஏறி வந்துது. முன்பக்கத்து அணியத்தில அப்பன் நிக்குதாரு, பீடியைப் பல்லில கடிச்சுட்டு. கரையில என்னையும் அண்ணனையும் ஒண்ணா இருக்கக் கண்டதும் அவருக்கு ஒண்ணும் மனசிலாகல.

"எலே விஜயதாஸே, ரெண்டு பேருக்கும் இங்க என்ன சோலி?"

நாங்க ரெண்டு பேரும் ஒரே நேரத்தில சொன்னோம், "சும்மா."